கைப்பேசியை முதலில் வாங்கி வையுங்கள்

தங்கச்சிக்கு அடுத்த மாதம் கல்யாணம். கோலாலம்பூரில் மணப்பெண் ஸ்பாவுக்கு என்ன விலை என்று கேட்டதும் தலை சுற்றிவிட்டது அக்கா. வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இருக்கிறோம். முதலில் எதை வாங்க வேண்டும்?
– ஓர் அக்கா, பெஸ்தாரி ஜெயா

தங்கச்சி கையில் இருக்கும் கைப்பேசியை வாங்குங்கள். வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மண்டபக்காரர், சமையல்காரர், பிளவுஸ் தைப்பவர், 'எத்தனை மணிக்கு முகூர்த்தம்?' என்று ஏழாவது தடவை கேட்கும் பெரியப்பா, எல்லோரும் அன்றைக்கு உங்கள் எண்ணுக்கு அழைக்கட்டும். ஒரு நாள் முழுக்க அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தாலே பாதி அழகு வந்துவிடும். எண்ணெய், மாவு, பூ எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முந்தின நாள் வேண்டாம். கல்யாணத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் வையுங்கள். தோலில் ஏதாவது தடித்தாலும் அடங்குவதற்கு நேரம் இருக்கும்.

நலங்கு மாவைக் கடையில் வாங்குவதா, அரைப்பதா? அரைப்பதென்றால் அளவு சொல்லுங்கள்.
– சின்னம்மா, புக்கிட் ரோத்தான்

அரையுங்கள். அரைக்கும் அன்று வீடு மணக்கும் மணம் எந்தப் பாக்கெட்டிலும் வராது. பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் 50 கிராம் வீதம், ஆவாரம்பூவும் உலர்ந்த ரோஜா இதழும் ஆளுக்கொரு கைப்பிடி, வெட்டிவேர் கொஞ்சம். உங்கள் ஊரில் எல்லாம் கிடைக்காவிட்டால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு ஒரு நடை போய் வாருங்கள். கறிக்குப் போடும் மஞ்சளை மட்டும் சேர்க்காதீர்கள். அது தோலில் ஒட்டிக்கொண்டு கல்யாணப் படம் வரைக்கும் கூடவே வரும்.

நம் ஊர் மழையை நம்ப முடியாது. காலை பத்து மணி வெயிலில் முறத்தைப் பரப்பி, வானம் கறுக்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் காய்ந்தால் கிழங்கைக் கையால் ஒடிக்கும்போது 'படக்'கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வராமல் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும். பழைய செய்தித்தாளில் கொட்டி நன்றாக ஆறவிட்டு ஜாடியில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து, ஒரே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும்.

பூசுவதற்கு முன் மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, ஒரு சிட்டிகையை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று போனால் முகத்துக்கு. நறநறத்தால் முழங்கைக்கும் குதிகாலுக்கும். மோரில் குழைத்துப் பூசி, முழுக்கக் காய்ந்து இழுப்பதற்கு முன் கழுவிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், இரண்டு நாள் முன்னதாகவே முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவில் எலுமிச்சைச் சாறு கலக்கலாமா?
– தோழி, தஞ்சோங் காராங்

முகத்துக்கு வேண்டாம். எலுமிச்சை வகைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரலாம். அது ஆறினாலும் கறுத்த தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். சாறு ரசத்துக்குப் போகட்டும்.

அப்பா இறந்து ஆறு வருடம். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார். நலங்கு வைக்கச் 'சுமங்கலிகள் மட்டும்' என்று உறவில் பேசுகிறார்கள். அம்மாவும் சமையலறைக்குள் ஒதுங்கிக்கொள்கிறார். நான் என்ன செய்ய?
– மணப்பெண், ஈஜோக்

முதல் எண்ணெய் அம்மா கையால்தான் தங்கச்சி. யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். கேட்டால் பத்துப் பேர் பத்துவிதமாகச் சொல்வார்கள். அன்று காலை, கூட்டம் சேருமுன், நீங்களே மணையில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, 'அம்மா, எண்ணெய் வைங்க' என்று கூப்பிடுங்கள். மகள் தலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்த அம்மாவும் அடுப்படியில் நிற்க மாட்டார்.

பனையடியில் குனிந்து குனிந்து, முள் குத்திக் காய்ப்பேறிய கை அது. அந்தக் கை பட்டால் மங்கலம் குறையும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்குச் சோறும் புத்தகமும் தந்த கையைவிட உங்கள் தலைக்கு உரிமையுள்ள கை வேறு எது? அவர் வைத்த பிறகு அத்தைமாரும் மாமிமாரும் வரிசையாக வைக்கட்டும். அவர்கள் ஆசியும் வேண்டும்தான்.

ஒரு யோசனை. கல்யாண வீட்டில் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதே சட்டம். ஆகவே உறவிலேயே உரத்த குரல் உள்ள அத்தையை ஒரு வாரம் முன்பே போய்ப் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து, உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது முகம் சுளித்தால் அவர் பார்த்துக்கொள்வார். அம்மாவுக்குப் புதுச் சேலை எடுத்தாயிற்றா? நல்ல நிறத்தில் எடுங்கள்.

பக்கத்து வீட்டு மாக்சிக், 'பெண்ணுக்கு பெர்தாங்காஸ் செய்து விடுகிறேன்' என்கிறார். நாம் செய்யலாமா?
– மணப்பெண்ணின் அம்மா, ஜெராம்

அன்போடு கேட்கிறார், மறுக்காதீர்கள். மலாய் வீடுகளில் மணப்பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் காலங்காலமாகச் செய்கிற ஆவிக்குளியல் அது. நாம் சளிக்குத் தலையை மூடி வேது பிடிக்கிறோம். அவர்கள் தலையை வெளியே விட்டு உடம்பை மூடுகிறார்கள். செராய், பண்டான் இலை, லீமாவ் பூருட் இலை மூன்றையும் பானையில் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத முக்காலிக்குக் கீழே வையுங்கள். பெண்ணை உட்காரவைத்து, கழுத்திலிருந்து தரைவரை கனத்த போர்வையால் சுற்றுங்கள். பத்து நிமிடம் போதும். எரியும் அடுப்பு போர்வைக்குள் கூடவே கூடாது. மயக்கம் வருகிறவர், இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கு வேண்டாம். முடிந்ததும் ஓர் இளநீர். மாக்சிக்குக்கு நலங்கு மாவில் ஒரு ஜாடி கொடுத்தனுப்புங்கள்.

எங்கள் வீட்டைச் சுற்றிச் செம்பனைதான். தேங்காய் எண்ணெய்க்கு எதற்குக் காசு? செம்பனை எண்ணெயையே பூசிவிட்டால் என்ன?
– மணப்பெண்ணின் அண்ணன், தென்னமரம் தோட்டம்

உங்கள் தோட்டத்துப் பெருமை எனக்கும் தெரியும் தம்பி. ஆன்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டது அங்கேதான். அதே ஆள் 1930-இல் மலாயாவைப் பற்றிய நாவலுக்குப் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். ஆனால் ஆலையில் பிழிந்து வரும் எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கும். சேலை, துண்டு, மெத்தை எல்லாவற்றிலும் கறை ஏறும். கடையில் விற்கும் சமையல் எண்ணெயோ பிசுபிசுக்கும். செம்பனைக் கொட்டை எண்ணெய் சவர்க்காரமாகி ஏற்கெனவே உங்கள் குளியலறையில் இருக்கிறது, அது போதும். உடம்புக்குத் தேங்காய் எண்ணெய், தலைக்கு நல்லெண்ணெய். தங்கச்சிக்காக அந்தக் காசைச் செலவழியுங்கள்.

மூன்றே நாளில் வெளுக்க வைக்கும் கிரீம் ஒன்றை இணையத்தில் பார்த்தேன்.
– மணப்பெண், பத்தாங் காலி

பார்த்ததோடு விடுங்கள். அப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்து, சுகாதார அமைச்சு அடிக்கடி அவற்றின் பெயர்களை வெளியிட்டுத் தடை செய்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் நாட்டில் முறையாக விற்கும் பூச்சுக்கு 'NOT' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்கும். எதை வாங்கினாலும் அதைப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் இந்த நிறத்தில்தானே உங்களைப் பெண் பார்த்துச் சம்மதித்தார்கள்? இனி எதற்கு அதை மாற்ற வேண்டும்?

மருதாணி எப்போது? சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கும் வகை நல்லதா?
– மைத்துனி, கோலசிலாங்கூர்

கல்யாணத்துக்கு இரண்டு இரவு முன்னால். எடுத்ததும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். உரித்த பிறகு சவர்க்காரம் போடாமல் எண்ணெய் தடவுங்கள். அரை மணியில் கறுக்கும் வகையில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்துக்கான ரசாயனம் கலந்திருக்கும். கை வெந்து போனவர்கள் உண்டு. இன்னொன்று: ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நல்ல மருதாணியே ஆகாது, ரத்த அணுக்கள் சிதையும். பிறந்ததும் மருத்துவமனையில் சோதித்துச் சொல்லியிருப்பார்கள். பூப்போல ஒரு புள்ளி வைக்கலாம் என்று பாசத்தில் கையை நீட்டுமுன் தாயைக் கேளுங்கள்.

அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வெட்டு வந்தால்?
– சித்தப்பா, பெஸ்தாரி ஜெயா

2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றுச் சுத்திகரிப்பு நிலையங்களே மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். முந்தின நாளே இரண்டு தோங் பிடித்து வையுங்கள். மழைநீர் என்றால் இன்னும் நல்லது, தலைமுடி பட்டாகும். கொசு முட்டையிடாதபடி இறுக்கி மூடுங்கள்.

எல்லாம் பெண்ணுக்குத்தானா? எங்களுக்கு ஒன்றும் இல்லையா? பாட்டி வேறு, 'எனக்கும் கொஞ்சம் மாவு மிச்சம் வை' என்கிறார்.
– மாப்பிள்ளை, ராஜா மூசா

உங்களுக்கும் நலங்கு உண்டு, எண்ணெய்க் குளியலும் உண்டு. முடிவெட்டைக் கல்யாணக் காலைக்கு வைக்காமல் இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

பாட்டிக்கு மிச்சம் வைக்காதீர்கள், முதலில் அவருக்கே பூசுங்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய தலைமுறைக்கு யார் கால் பிடித்துவிட்டார்கள்? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அவர் காலை வைத்து, ஊறியதும் வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். பேரன் கை பட்டால் பழைய கதை நாலு வெளியே வரும், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எண்ணெய் குளித்து வந்ததும் குளியலறைத் தரையை வெந்நீரும் சவர்க்காரமும் போட்டு நீங்களே தேய்த்துக் கழுவுங்கள். அடுத்துக் குளிக்கப் போவது பாட்டி.