விளம்பரத்துக்கு ஒரு கவ்வாத்து

கேள்வி: டிவியில் மகள் ஆடிய பொங்கல் நிகழ்ச்சியை பென் டிரைவில் பதிந்தோம். நடுநடுவே விளம்பரம். வெட்ட எந்த மென்பொருள் நல்லது?
(வாசகி, பசறை)

பதில்: இலவசமாகக் கிடைக்கும் லாஸ்லெஸ்கட் போதும், அக்கா. மற்றவை பெரும்பாலும் முழு வீடியோவையும் புதிதாக எழுதும். பழைய கணினி விடியவிடிய உழைக்கும், படமும் மங்கும். இது வெட்டி ஒட்டுவதோடு சரி. நம் டிவியில் விநாடிக்கு 25 படங்கள். அவற்றில் முழுப்படம் சிலதான். மற்றவை மாற்றத்தை மட்டும் சொல்பவை. முழுப்படத்தில்தான் வெட்டு விழவேண்டும். எங்கே வெட்டினால் துளிர்க்கும் என்று கவ்வாத்துக் கத்தி பிடித்த தோட்டத்துக் கைகளுக்குத் தெரியாதா! சலங்கைக் கால் தரையைத் தட்டும் முதல் ஒலிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டுங்கள். மூலப்பதிவை அழித்துவிடாதீர்கள்; பேரப்பிள்ளைகள் அந்த விளம்பரங்களையும் பார்க்கக் கேட்பார்கள்.