பொருள்: பழைய பே ஸ்லிப் அனுப்ப இயலாமை குறித்து

அனுப்புநர்: சிதம்பரத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படித்து, கடலூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள்.

பெறுநர்: மனிதவளத் துறைப் பெருமக்கள், சென்னையைச் சுற்றியுள்ள சகல நிறுவனங்கள்.

பார்வை: ‘கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பை உடனே அனுப்பவும்’ என்ற தங்கள் மின்னஞ்சல்.

ஐயா / அம்மா,

வணக்கம். நேர்முகத் தேர்வில் எச்.பி.எல்.சி. கருவியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டீர்கள். சொன்னேன். ‘செலக்டட்’ என்றீர்கள். அதுவரை வேலையைப் பற்றித்தான் பேச்சு. சம்பளம் என்று வந்ததும் வேலையை மறந்துவிட்டு, ‘இப்ப எவ்வளவு வாங்குறீங்க?’ என்றீர்கள். மாதம் 24,000 என்றேன். ‘30 சதவீதம் ஹைக், எங்க பாலிசியில் அதுதான் உச்சம்’ என்று 31,200 ரூபாயை அருள்பாலித்தீர்கள்.

அந்த 24,000 பிறந்த கதையையும் கேளுங்கள். ‘உள்ளூர்ப் பெண், வாடகை இல்லை, சோறு அம்மா போடுவார், கல்யாணமானால் போய்விடுவாள்’ என்று என் முதல் வேலையில் ஒருவர் கணக்குப் போட்டார். அதில் வேதியியல் ஒரு துளியும் இல்லை. அந்தக் கணக்கின் தலையில்தான் நீங்கள் 30 சதவீதம் ஏற்றுகிறீர்கள்.

எனக்குப் பக்கத்து மேசையில் இன்னொருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே படிப்பு, அதே அனுபவம், அதே கருவி. பழைய சம்பளம் மட்டும் 40,000. உங்கள் பாலிசிப்படி அவருக்கு 52,000. முன்பு எங்களுக்குள் இருந்த வித்தியாசம் 16,000. உங்களிடம் வந்தபின் 20,800. எனக்குக் கிடைத்த ஹைக் என் பள்ளத்துக்கும் கிடைத்துவிட்டது. பாரபட்சம் இல்லாத நிறுவனம்தான்!

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலத்துக்கு ஒருநாள் வாருங்கள். ‘போன வாரம் உன் வஞ்சிரம் என்ன விலைக்குப் போச்சு? சீட்டைக் காட்டு, அதுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தர்றேன்’ என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

பேரம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. குண்டை எட்ட விழவைப்பது சுடுகிறவன் சாமர்த்தியம் என்று கம்பெனியாரே எழுதினார்கள். அப்படி வளைத்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் விழுந்தது. எந்தப் பீரங்கி என்பதை வாங்குகிறவனே முடிவு செய்தால் எல்லை எங்கே போய் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் அதே வித்தையைத் தலைகீழாகச் செய்கிறீர்கள். குண்டு காலடியிலேயே விழ வேண்டும் என்று, இருப்பதிலேயே நோஞ்சான் பீரங்கியாக என் பே ஸ்லிப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

பழைய சம்பளத்தைக் கேட்பது ‘உலக வழக்கம்’ என்பீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் 2016-லேயே இந்தக் கேள்விக்குத் தடைச் சட்டம் இயற்றியது. நியூயார்க் நகரில் 2017 முதலும், கலிபோர்னியாவில் 2018 முதலும் கேட்கக் கூடாது. அங்கே ஃப்ரெஸ்னோவில் ஒரு பெண் கணித ஆலோசகருக்குப் பழைய சம்பளத்துக்கு மேல் 5 சதவீதம் போட்டுக் கொடுத்தார்கள். பின்னால் சேர்ந்த ஆணுக்கு அதிகம் என்று தெரிந்து வழக்குப் போட்டார். சம வேலைக்குக் குறைந்த கூலி கொடுத்துவிட்டுப் பழைய சம்பளத்தைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியமோ, பழைய சம்பளத்தைக் கேட்காதே, தரப்போகும் சம்பளத்தை முன்கூட்டியே சொல் என்று 2023-இல் விதி செய்தது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் உங்களிடம் பணிந்து எழுதுகிறேன்.

இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கிய தொகையைக் கேட்டால் ‘கான்ஃபிடென்ஷியல்’ என்கிறீர்கள். சிதம்பர ரகசியத்தையே வந்து நின்றவர்களுக்குத் திரை விலக்கிக் காட்டுகிறார்கள்.

எனவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. முதலில் உங்கள் பட்ஜெட்டைச் சொல்லுங்கள். என் பே ஸ்லிப்பைப் பிறகு பேசலாம்.

2. நிறுவனத்தின் பி.எஃப். பங்கையும், ஐந்து வருடம் தாண்டினால் வரப்போகும் கிராஜுவிட்டியையும் சிடிசியில் அடுக்கி என்னை மயக்காமல், கைக்கு வருவது எவ்வளவு என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

3. வேறு ஆஃபர் கையில் இருந்தால்தான் ஏற்றுவோம் என்றால், அந்த ஆஃபருக்கே போய்விட மாட்டேனா?

4. பக்கத்து மேசைக்கு 52,000 என்றால் என் மேசைக்கும் 52,000.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
‘செலக்டட்’ ஆனவள்.

இணைப்பு: நான் செய்துவரும் வேலைகளின் பட்டியல், 2 பக்கம். பே ஸ்லிப் இல்லை.

நகல்: என் இப்போதைய மேலாளருக்கு இல்லை. நோட்டீஸ் பீரியட் 90 நாள். உங்கள் ஆஃபர் லெட்டரில் கையெழுத்து விழுந்த பிறகு அவருக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன்.