தரகு பார்க்கப் போற பேராண்டிக்கு

ஏங்கண்ணு, பவுண்டரி வேலையை உட்டுப்போட்டு கன்சல்டன்சிக்குப் போறயாமா? உன்ற அம்மா போன்ல மூக்கைச் சிந்தறா. நான் சொன்னேன், "அழுவாத சாமி, நம்மூட்டுக்குத் தரகு புதுசா? அப்புச்சி பொள்ளாச்சிச் சந்தையில மாட்டுத் தரகு பார்த்தேன், பேரன் கோயமுத்தூருல மனுசத் தரகு பார்க்கறான். மாடு பல்லைக் காட்டும், மனுசன் ரெஸ்யூமைக் காட்டுவான், அவ்வளவுதான் வித்தியாசம்."

ஆனா நீ சொல்ற காரணம் இருக்குது பாரு, அதுக்குத்தான் எனக்குச் சிரிப்பு. மேனேஜரு டார்கெட் டார்கெட்டுன்னு உசுரை வாங்கறானாமா. சரி, ஏசி ரூமுல உக்காந்தா டார்கெட் உள்ள வராதுன்னு எந்த மகராசன் சொன்னான்? அங்கயும் மாசம் இத்தனை பேரைச் சேர்த்து உட்டாகோணும். பவுண்டரியில நீ ஊத்துன வார்ப்பு ஊத்துன எடத்துலயே கெடக்கும். அங்க நீ வார்த்து வெச்சது, திங்கக்கெழமை வேலைக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு, ஞாயித்துக்கெழமை ராத்திரி போனை ஆப் பண்ணிக்கும்.

தொழில் எப்படி ஓடுதுன்னு சித்த கேளு. கம்பெனிக்காரன் ஆள் வேணும்பான். நீ நௌக்ரியில தேடி, லிங்க்ட்இன்ல தேடி, ஒவ்வொருத்தனுக்காப் போன் போடோணும். பாதிப் பேரு எடுக்க மாட்டான். எடுத்தவன் "மீட்டிங்ல இருக்கறேன்"பான். ஒருத்தன் எப்படியோ இன்டர்வியூவுல தேறி ஆஃபர் லெட்டரும் வாங்கிக்குவான். நோட்டீஸ் பீரியடு 90 நாளு. அந்த 90 நாளும் உன்ற லெட்டரைத் தூக்கிட்டு ஊரெல்லாம் போயி, "இவன் இவ்வளவு தாரேங்கறான், நீ எவ்வளவு தருவே?"ன்னு வெலையை ஏத்துவான். எந்த மாடும் எனக்கு அந்த வேலையைப் பண்ணுனதில்லை. அதனாலதான் இந்த வயசுலயும் ரத்தக்கொதிப்பு இல்லாம இருக்கறேன்.

அவன் போயிச் சேர்ந்தாத்தான் உன்ற ஆபீசுக்குக் காசு. வருசச் சம்பளத்துல 8.33 சதம்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. பெருசாத் தெரியுதேன்னு வாயைப் பொளக்காதே, அது அந்த ஆளோட ஒரு மாசச் சம்பளம். 6 லட்சத்து ஆளுன்னா 50,000 ரூபா. அதுவும் 90 நாளுக்குள்ள ஆளு வேலையை உட்டு ஓடிட்டா, வேற ஆளைச் சும்மாவே புடிச்சுத் தரோணும்னு ஒப்பந்தத்துல எழுதி இருக்கும். நான் வித்த மாடு மறுநாள் முட்டுச்சுன்னா, "பார்த்துத்தானே வாங்குனீங்க"ன்னு சொல்லிப்போட்டு பஸ் ஏறிக்குவேன். உனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

அதனால சேர்றதுக்கு முந்தியே வாயைத் தொறந்து கேளு. சந்தையில நாங்க துண்டுக்குள்ள கையை உட்டு விரலைப் புடிச்சுப் பேசுனது ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு. உன்ற சம்பளம் உனக்காவது தெரியோணும். கட்டுச் சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு? அது ஆளு சேர்ந்த அன்னிக்கு வருமா, 90 நாள் தாண்டி வருமா, கிளையண்ட் பில்லைக் கட்டுன பொறவு வருமா? ஆளு ஓடிட்டா, குடுத்ததைத் திருப்பிப் புடுங்குவீங்களா? இதெல்லாம் அவங்களைக் கேளு. இன்சென்டிவே இல்லாம ஆறு மாசம் ஊடு ஓடுமான்னு உன்ற பொண்டாட்டியைக் கேளு. கணக்கு அவளுக்குத்தான் வரும்.

போறதுன்னா பவுண்டரிக்கும் பம்புசெட்டுக் கம்பெனிக்கும் ஆள் எடுக்கற கன்சல்டன்சியாப் பார்த்துப் போ. ஐடிக்கு ஆள் எடுக்கறேன்னு கெளம்பாதே. நம்மூட்டுல ஜாவான்னா இன்னமும் மோட்டார் சைக்கிளுதான். ரெஸ்யூமுல 'மோல்டிங்கில் 6 வருட அனுபவம்'னு போட்டிருக்கும், கம்ப்யூட்டரு அதை அப்படியே நம்பிக்கும். நீதான் பல்லைப் புடிச்சுப் பார்க்கோணும். "கிரீன் சாண்டுல ஈரம் கூடிப்போனா என்னப்பா ஆகும்?"னு சும்மா கேட்டுப்பாரு. ப்ளோ ஹோல் விழும்னு சொன்னான்னா அவன் எட்டுப் பல்லும் சேர்ந்தவன். "சார், நான் டீம் பிளேயர்"னு சொன்னான்னா இன்னும் பால்பல்லே உளுவலை. இத்தனை வருசம் உலை முன்னால வெந்ததுக்கு உனக்கு இருக்கற மொதலு இது ஒண்ணுதான் கண்ணு. இதை வெச்சுப் பொழைச்சுக்கலாம்.

இதுவரைக்கும் வெளையாட்டு. இது மட்டும் கண்டிசன். கமிசனை ஆள் எடுக்கறவங்கிட்ட வாங்கு. வேலை தேடி வாரவங்கிட்டக் கையை நீட்டாதே. பதிவுக்கட்டணம், டிரெய்னிங் ஃபீஸு, டெபாசிட்டுன்னு பேரை மாத்தி மாத்திப் புடுங்கற கடையா இருந்தா, நாற்காலி சூடாகறதுக்குள்ள எந்திரிச்சு வந்துரு. சந்தையில ரெண்டு பக்கமும் தரகு வாங்குவோம்தான். விக்கறவங்கிட்ட மாடாவது இருந்துச்சு. வேலை இல்லாதவங்கிட்ட என்னடா இருக்குது? அந்தக் காலத்துல கண்டிச்சீமைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போன கங்காணிக, கூட்டிட்டுப் போன செலவை அந்த ஆளுக தலையிலயே கடனாக் கட்டுனாங்க. அந்தக் கடனைத் துண்டுச் சீட்டுல எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் கைமாத்துனதை 1921-லதான் சட்டம் போட்டு நிறுத்துனாங்க. இப்பவும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பறதுன்னா, 1983-ல வந்த சட்டப்படி கவர்மெண்டுகிட்டப் பதிவு பண்ணியிருக்கோணும். தொழிலாளிகிட்ட 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும், அதுக்கு மேல ஒத்தை ரூபா வாங்கக் கூடாது. பதிவு நம்பரைக் கேட்டா மொதலாளி சிரிச்சு மழுப்பறானா, அங்க டீ கூடக் குடிக்காதே.

இவ்வளவுக்கு அப்பறமும் போறேன்னா, தாராளமாப் போ. போன வேகத்துல உனக்கு வர்ற மொதல் ஆர்டரு, நீ உட்டுப்போட்டு வந்த நாற்காலிக்கு ஆள் வேணும்னுதான் இருக்கும். பழைய எடமாச்சேன்னு ரோசப்படாதே, வாங்கிக்கோ. புது ஆளுக்கு எவ்வளவு சம்பளம் போட்டிருக்காங்கன்னு மட்டும் நல்லாப் பாரு. நீ வாங்குனதை விட ஜாஸ்தியா இருந்துச்சுன்னா, யோசிக்காம உன்ற ரெஸ்யூமையே அனுப்பி வெச்சுரு. வேலையும் உனக்கு, கமிசனும் உனக்கு. 90 நாள் தாண்டற வரைக்கும் மட்டும் ஓடிப்போயிராதே.