எலுமிச்சை பெற்றுக்கொண்டோரின் நன்றி விண்ணப்பம்

பெறுநர்: டொயோட்டா மோட்டார் நிறுவனம், கஸூ ரேசிங் பிரிவு
நகல்: சுபாரு நிறுவனம்
அனுப்புநர்: மலிவு விலை ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்கள்
பொருள்: ஜிஆர்86 காரின் அடுத்த தலைமுறை தொடர்பாக

பெருமதிப்புக்குரிய நிறுவனத்தாருக்கு,

2026 மாதிரி ஆண்டுக்கென, 860 கார்கள் மட்டுமே என்னும் வரம்போடு அமெரிக்கச் சந்தைக்கு அறிவிக்கப்பட்ட யூஸு பதிப்பு, ஆர்வலர்களுக்கு இதுவரை செய்யப்பட்ட மரியாதைகளுள் தலையாயது. யூஸு என்பது ஜப்பானியச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கப்படும், எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த மஞ்சள் கனி. டர்போ வேண்டுமென்று 2012 முதல் மன்றாடி வருவோருக்கு நிறுவனம் எலுமிச்சை நிறத்தில் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறது. எஞ்சின் பழையதே, திறனும் பழைய 228 குதிரைத்திறனே. பெரியவர்களைப் பார்க்கப் போகிறவர்தான் எலுமிச்சம்பழத்தோடு போவார் என்பது தமிழர் வழக்கமாதலால், பார்க்க வந்தவர்களின் கையில் பெரியவர்களே பழத்தைத் திணித்து வாசல்வரை வழியனுப்பிய இப்பெருந்தன்மை தமிழ் வாசகரைக் கூடுதலாக நெகிழச் செய்யும். இதே நிறம் 2015 வாக்கில், டொயோட்டாவின் அப்போதைய துணைப் பிராண்டான சயான் வழியாக 1,500 கார்களுக்கு ஏற்கெனவே பூசப்பட்டது என்பதையும் நோக்கினால், ஒரே பழம் இருமுறை பிழியப்பட்டிருப்பது புலனாகும்.

டர்போ எனப்படுவது, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவியாகும். முதல் தலைமுறைக் காரின் 2.0 லிட்டர் எஞ்சின் 200 குதிரைத்திறன் தந்தபோதிலும், நிமிடத்துக்கு நான்காயிரம் சுற்றுகளை ஒட்டிய இடத்தில் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பித் தள்ளும் பலம், சட்டென்று தொய்ந்தது. முந்திச் செல்ல மிதிக்கும் கால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் மிதிக்கும். 2021இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை, எஞ்சினை 2.4 லிட்டராகப் பெருக்கி, உச்ச முறுக்குவிசையை 3,700 சுற்றுகளிலேயே எட்டச் செய்து அக்குறையைத் தீர்த்தது. அதற்கான நன்றியை ஆர்வலர்கள் மனமாரத் தெரிவிக்கின்றனர். பள்ளம் மூடப்பட ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆயின என்பது நன்றியைக் குறைப்பதற்காக அன்று, பதிவுக்காக மட்டுமே சொல்லப்படுகிறது.

இரட்டைப் பிறவியான பிஆர்இசட் காரை விற்கும் சுபாரு நிறுவனமும் இவ்வகை மரியாதையில் சளைத்ததன்று. 2017இல் அந்நிறுவனம் பின்னிறக்கையை மட்டும் காட்டும் படமொன்றை வெளியிட்டு ஆவலைக் கிளப்ப, இதோ டர்போ வந்துவிட்டது என்று ஆர்வலர்கள் ஊரைக் கூட்டினர். வந்ததோ டிஎஸ் என்னும் பதிப்பு. சஸ்பென்ஷன் மேம்பட்டிருந்தது, கார்பன் இழையாலான இறக்கை உண்மையாகவே இருந்தது, எஞ்சினின் திறன் மட்டும் ஏறாமல் 205 குதிரைத்திறனில் நின்றது. அமெரிக்காவுக்கு 500 கார்கள் ஒதுக்கப்பட்டன. எலுமிச்சை யுகத்துக்கு முன்பே ஊறுகாய் பரிமாறப்பட்டு, சோறு பிறகு வரும் என்று பந்தியில் அமர்த்தப்பட்டவர்கள் இன்னும் இலையைப் பார்த்தபடியே இருக்கின்றனர்.

டர்போ சேர்த்தால் எடை கூடும், விலை ஏறும், மிதித்த கணத்தில் எஞ்சின் பதிலளிக்கும் துடிப்பு மங்கும் என்னும் வாதம் மதிக்கத்தக்கதே. ஆயினும் அதே 2.4 லிட்டர் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொன்று, டர்போவோடு, சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸ் காரில் 271 குதிரைத்திறன் தருகிறது. டொயோட்டாவின் மூன்று சிலிண்டர் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின் ஜிஆர் கொரோலாவில் 300 குதிரைத்திறன் தருகிறது. அந்த எஞ்சினைத் தழுவிய 1.4 லிட்டர் வடிவம் 2022இல் சூப்பர் தைக்யூ பந்தயத் தொடரில் ஜிஆர்86இன் முன்பக்கத்திலேயே பொருத்தப்பட்டு ஓடியது. 2025 தொடக்கத்தில், புதிய 2.0 லிட்டர் டர்போ எஞ்சினை யாரிஸ் காரின் நடுப்பகுதியில் வைத்துக் காட்டிய மாதிரி வண்டியும் வந்தது. யாரிஸின் பின்னிருக்கையைக் காவுகொடுத்து எஞ்சினுக்கு இடம் தேடிய பொறியாளர்களுக்கு 86இன் முன்மூடியைத் திறந்து பார்க்க நேரம் வாய்க்காதது காலத்தின் கோலமே.

ஆர்வலர்களின் விருப்பப் பட்டியலும் நேர்மையாக ஆராயப்பட வேண்டியதே. அடுத்த தலைமுறைக்கு அவர்கள் 300 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர் ஆகியவற்றை வேண்டுகின்றனர். கூடவே இன்றைய சுமார் 1,275 கிலோ எடையில் ஒரு கிலோவும் கூடாதென்றும், விலையில் ஒரு டாலரும் ஏறக்கூடாதென்றும் விதிக்கின்றனர். மின்மோட்டாரும் எஞ்சினும் இணைந்த ஹைபிரிட் என்றால் முகம் சுளிக்கின்றனர். இவற்றுள் பாதியேனும் ஒன்றோடொன்று முரண்படுபவை என்பதும், கேட்பவர்களில் பலர் புதுக்காராக எதையும் வாங்காமல் மூன்றாண்டு கழித்துப் பழைய கார்ச் சந்தையில் காத்திருப்பவர்கள் என்பதும் நிறுவனம் அறிந்தவையே. முரணான கோரிக்கைக்குப் பதிலாக மஞ்சள் பெயின்ட் தருவதும் ஒருவகைத் தர்க்கமே. எலுமிச்சை யாரையும் கோபப்படுத்துவதில்லை.

விலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் இத்தொனி நிலைப்பதில்லை. 2022 மாதிரிக்கு நிறுவனம் குறித்த தொடக்க விலை 27,700 டாலர்; ஆனால் அமெரிக்காவில் பல விற்பனையாளர்கள் அதன்மேல் சந்தைச் சரிக்கட்டல் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான டாலர்களைக் கூட்டி ஒட்டினர். இது பட்டப்பகல் கொள்ளை. இருபத்தைந்து வயதில் முதல் சம்பளங்களைச் சேர்த்துவைத்து வந்த ஒருவரிடம், மலிவு என்று விளம்பரப்படுத்திய காரை மலிவில்லாத விலைக்குத் தள்ளிவிட்டு, விலை விற்பனையாளரின் உரிமை என்று கைகழுவுவது வெட்கக்கேடு. பிரிட்டனில் 2022இல் முதல் ஒதுக்கீடு முழுவதும் 90 நிமிடங்களில் தீர்ந்தது. ஐரோப்பாவுக்கு இரண்டாண்டு ஒதுக்கீடு மட்டுமே தரப்பட்டதற்கு, 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமான ஐரோப்பியப் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தக் காரை மாற்றியமைப்பது கட்டுப்படியாகாது என்பதே காரணம். வரிசையில் நின்றவர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, கார் இல்லை.

மீண்டும் பணிவுக்குத் திரும்பி, ஆர்வலர்கள் தங்கள் வேண்டுகோளைச் சுருக்குகின்றனர். இறுதியில் டர்போவும் இரண்டாம் பட்சமே. எடையைக் காப்பது, கையால் மாற்றும் கியரைக் காப்பது, குறித்த விலையிலேயே காரை வாங்குவோர் கையில் சேர்ப்பது ஆகிய மூன்றும் நிறைவேறினால் ஹைபிரிட்டுக்கும் அவர்கள் தலையாட்டுவர். அவற்றுக்கும் முன்பாக, மூன்றாம் தலைமுறை வருமா வராதா என்பதை ஆண்டுக்கணக்கோடு அறிவிப்பது நலம். வராதென்றால் அதையும் சொல்லிவிடலாம். இருக்கும் காரை விற்காமல் வைத்துக்கொண்டு அதன் கிளட்ச்சை மாற்றுவதா, மாற்றும் செலவை அடுத்த காருக்கு ஒதுக்குவதா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் ஏராளமாக இருக்கின்றனர்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
பின்சக்கர இயக்கத்தை நம்பியிருப்போர்