மூன்று மடிப்பும் ஆறு கட்டமும்

பழைய காவியப் புலவர்கள் தங்கமான மனிதர்கள். நாயகியின் வயிற்றில் குறுக்கே மூன்று மடிப்பு விழுந்தால் ‘திரிவலி’ என்று பெயர் வைத்து, அழகு லட்சணங்களில் அதையும் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் என் வயதுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் காவிய நாயகிகள்தாம். நிமிர்ந்து உட்கார்ந்தால் மூன்று, சோபாவில் சாய்ந்தால் நான்கு.

இந்த நிம்மதியைக் கெடுத்தது சினிமா. 2007இல் ‘ஓம் சாந்தி ஓம்’ படத்தில் ஷாருக் கான் சட்டையைக் கழற்றி ஆறு கட்ட வயிற்றைக் காட்டினார். அடுத்த ஆண்டு ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யா கழற்றினார். ஆம்பிளைகள் பாடு, நமக்கென்ன என்று இருந்தோம். 2016இல் ‘இறுதிச் சுற்று’ வந்தது. நிஜத்திலேயே கிக் பாக்ஸிங் களத்தில் சண்டை போட்ட மும்பைப் பெண் ரித்திகா சிங்கைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள்: “அம்மா, உனக்கு ஏன் இப்படி வயித்துல கட்டம் இல்லே?”

இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. செம்பூரில் நான் போகும் ஜிம்மில் பயிற்சி தரும் மராத்திப் பையன் முதல் நாளே சொல்லிவிட்டான்: “ஆன்ட்டி, சிக்ஸ் பேக் சப்கே பாஸ் ஹை. திக்தா நஹீ ஹை, பஸ்.” எல்லாரிடமும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எங்கள் சொசைட்டியில் ஞாயிற்றுக்கிழமை கீதை வகுப்பு எடுக்கும் மாமாவும் பிரம்மத்தைப் பற்றி இதையேதான் சொல்கிறார்.

விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை வயிற்றின் முன்பக்கம் இரண்டு பட்டையாக ஒரு தசை இறங்குகிறது. நடுவில் மேலிருந்து கீழாக வெள்ளை நார்க்கோடு ஒன்று. குறுக்கே சில நார்ப்பட்டைகள். இவற்றுக்கு இடையில் தசை புடைத்தால் அதுதான் கட்டம். குறுக்குப் பட்டை எத்தனை, நேராகவா கோணலாகவா என்பதெல்லாம் பிறவியிலேயே முடிவான சங்கதி. பலருக்கு ஆறு, சிலருக்கு நாலு, சிலருக்கு எட்டு. வருஷக்கணக்காக வாயைக் கட்டி, கடைசியில் பார்த்தால் உள்ளே இருப்பதே நாலுதான் என்றால் யாரிடம் போய் முறையிடுவது? செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் உண்டு.

கட்டத்தை மூடியிருப்பது கொழுப்பு. அதிலும் ஓரவஞ்சனை. உடம்பு ஓடுவதற்கு ஆணுக்குக் கட்டாயம் வேண்டிய கொழுப்பு எடையில் சுமார் 2 முதல் 5 சதவீதம். பெண்ணுக்கு 10 முதல் 13. மாதவிடாய், பிள்ளைப்பேறு, ஹார்மோன் எல்லாம் அந்தக் கையிருப்பை நம்பித்தான். பெண்ணுக்கு மொத்தக் கொழுப்பு சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் கோடு லேசாகத் தலைகாட்டும். வயிற்றுக்கான பயிற்சி வயிற்றுத் தசையை வளர்க்குமே தவிர, மேலே இருக்கும் கொழுப்பை அந்த இடத்தில் மட்டும் கரைத்துத் தராது. எங்கிருந்து எடுப்பது என்பதை உடம்பே முடிவு செய்துகொள்ளும். என் உடம்பு முதலில் கன்னத்தில் கை வைத்தது.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைச் சந்தில், தொடுத்த மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்தபோது பழைய பில்டிங் மாமி ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

“என்னடி, சுகரா?”

“இல்லே மாமி, ஜிம்முக்குப் போறேன்.”

“அதான் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போச்சு.” கண்ணைக் கீழே இறக்கினாள். “வயிறு அப்படியே இருக்கே?”

ஒல்லியானவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட படம் 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றேதான், 22.3. கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊர் உடம்பு வெளியே ஒல்லியாக நடித்துக்கொண்டு உள்ளே பதுக்கும் ரகம். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை மணி என்று மருத்துவர்கள் வைத்திருப்பது அதனால்தான். யாஜ்னிக் படத்தை வீட்டில் காட்டினேன். “பாவம், டாக்டருக்கே இப்படியா?” என்று என் கணவர் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

பயிற்சி விஷயத்தில் ஜிம் பையன் கெட்டிக்காரன். பிளாங்க், கம்பியில் தொங்கிக் காலைத் தூக்குவது, அதோடு ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்று கனம் தூக்குவது. கனம் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவேன் என்று நாத்தனார் பயந்தாள். பெண்ணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியெல்லாம் தற்செயலாகப் பயில்வான் ஆகிவிட முடியாது. சந்தேகமிருந்தால் தாதர் சிவாஜி பார்க்குக்குப் போய், சமர்த்த வியாயாம் மந்திரில் கயிற்று மல்லகம்பம் ஆடும் சிறுமிகளைப் பார்க்கலாம். கயிற்றைக் கால் கட்டைவிரல் இடுக்கில் பிடித்து, விறுவிறுவென்று ஏறி, உச்சியில் தலைகீழாகப் பத்மாசனம் போடுகிறார்கள். முதல் உலக மல்லகம்பப் போட்டி 2019இல் நடந்ததும் அதே சிவாஜி பார்க்கில்தான். கயிற்றில் காட்டும் வித்தை அவ்வளவும் வயிற்றின் பலம். இறங்கி வந்ததும் அந்தச் சிறுமிகள் கேட்பது கட்டம் தெரிகிறதா என்று இல்லை, வடாபாவ் இருக்கிறதா என்றுதான்.

தாராவியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிக்காரர். விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றி அனுப்பும் குடும்பம். வீடு மாடியில். அதற்குப் படி என்று சொல்லக்கூடாது, சுவரில் சாய்த்த இரும்பு ஏணி. இடுப்பில் தண்ணீர்க் குடம், ஒரு கை ஏணியில். பேசிக்கொண்டே ஏறுவார், சொட்டுத் தண்ணீர் சிந்தாது. அவரிடம் என் லட்சியத்தைச் சொன்னேன். “வயித்துல கட்டம் கட்டமாவா? எதுக்கு, தாயம் வெளாடவா?” என்றார்.

கட்டத்தை விரட்டிக்கொண்டு எல்லை தாண்டினாலும் ஆபத்து. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலம் இழக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014இல் இதற்கு ஒரு பெயர் வைத்து எச்சரித்தது. உடற்கட்டு மேடையில் பளபளக்கும் போட்டியாளர்களுக்குக்கூட அந்த வயிறு போட்டியை ஒட்டிய சில நாள் விருந்தாளி. பிள்ளை பெற்றவர்களுக்கு நடு நார்க்கோடு விரிந்து தசைகள் விலகியிருந்தால், படுத்து எழும் பயிற்சியைத் தொடங்குமுன் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்ப்பது உத்தமம்.

அடுத்தது சாப்பாடு. தசை வளர உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டுமாம். 60 கிலோ பெண்ணுக்கு 96 கிராம். ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம்தான். அப்படியானால் 48 இட்லி. ஒரு மண்டலத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும். முட்டை என்றால் ஒன்றுக்கு 6 கிராம், பனீர் 100 கிராமுக்குச் சுமார் 18. சுண்டலும் தயிரும் கைகொடுக்கும். மாட்டுங்கா கைகொடுக்காது. கஃபே மெட்ராஸ் வாசலில் நெய் மணக்கும். ராமாஷ்ரயாவில் அன்னாசி ஷீரா கூப்பிடும். 1942 முதல் ராமா நாயக் உடுப்பி போர்டிங்கில் இலை போட்டு விசாரித்து விசாரித்துப் பரிமாறுகிறார்கள்.

ஆனாலும் ஹோட்டல்களைக் குறை சொல்வது பாவம். நான் அங்கே போவது எப்போதோ ஒரு நாள். சாப்பிடுவதையெல்லாம் ஒரு வாரம் எழுதிக் கொண்டு வரச் சொன்னான் பையன். நேர்மையாக எழுதினேன். காலை 7.40, மகள் வைத்துவிட்டுப் போன தோசை ஓரம். 8.15, மாமனார் வேண்டாமென்ற அரை இட்லி. மதியம், சாதப் பாத்திரத்தைத் தேய்க்கப் போடுமுன் வழித்த இரண்டு கவளம். மாலை 4.30, பள்ளிக்கூட டப்பாவில் திரும்பி வந்த எலுமிச்சை சாதம். இரவு 9.50, நாலு அப்பளத்தில் மிஞ்சிய ஒன்று, அதற்குத் துணையாக ரசம் சாதம். பையன் இரண்டு முறை படித்தான். “ஆன்ட்டி, யே கானா ஹை யா சஃபாயீ?” இது சாப்பாடா, துப்புரவுப் பணியா?

அவன் தரும் உணவு அட்டவணை தனக்கென்று ஒரு தட்டும், அதில் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் உரிமையும் உள்ளவர்களுக்கு எழுதியது. ஷாருக் கான் மிச்சத் தோசையைத் தின்றிருக்க வாய்ப்பில்லை. எங்கள் வீடுகளிலோ ஃப்ரிட்ஜில் இடமில்லாத பண்டத்துக்கெல்லாம் நிரந்தர முகவரி அம்மாவின் வயிறு. “எடுத்து வெச்சா நாளைக்கு ஊசிப்போயிடும், நீயே ஒரு வாய் போட்டுக்கோயேன்” என்பார் மாமியார். அவருக்கு அவர் மாமியார் சொன்னது. பருப்பு ஊசிப்போகக்கூடாது, மருமகள் ஊதலாம்.

எனவே ஒரு சட்டம் கொண்டுவந்தேன். மிச்சம் இனி முறை போட்டுச் சாப்பிடப்படும். திங்கள் கணவர், செவ்வாய் மகள், புதன் மாமனார். வியாழன் என் முறை, அதை மறுக்கவில்லை. முதல் திங்கட்கிழமை கணவர் மூன்று பேர் மிச்சத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, “தினமும் இவ்வளவா மிஞ்சறது?” என்று அதிர்ந்து போனார். அடுத்த வாரமே மாமனார் அரிசி அளக்கும் ஆழாக்கைத் தன் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டார். மகள் தோசை ஓரத்தைத் தானே மென்று தீர்க்கிறாள்.

என் வயிற்றில் கட்டம் இன்னும் தெரியவில்லை. பாத்திரத்தின் அடி தினமும் தெரிகிறது.