பாஸ்போர்ட் வேண்டாத மலை

கேள்வி: இத்தாலியில் ஒரு பழமையான மலைக்கிராமத்தைப் பார்க்க ஆசை. அங்கே பழைய வழக்கங்கள் மாறவே இல்லையாமே? – வாசகர், பொம்மிடி

பதில்: புது வழக்கம் ஒன்று சேர்ந்திருக்கிறது. சிவிதா தி பாஞோரேஜோ என்ற குன்றுக் கிராமத்தில் ஊருக்குள் கால்வைக்கவே காசு, 2013 முதல். பழைய வழக்கம்தான் பார்க்க வேண்டுமென்றால், உங்கள் பொம்மிடி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நின்று நிமிர்ந்து பாருங்கள், சேர்வராயன் மலை! 5,300 அடி உயரத்தில் குகைக்கோயில். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். (கேரளாவை நினைக்காதீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பினார்கள், பெரியண்ணன் இங்கே தங்கிவிட்டார் என்பது அவர்கள் சொல்லும் கதை.) குகைக்கூரை தாழ்வு, குனிந்துதான் போகவேண்டும். விசா ஆபீஸிலும் குனியத்தான் வேண்டும், ஆனால் இங்கே சாமி கட்டாயம் தரிசனம் தரும்.