பட்டையில் ஒரு படகு

கேள்வி: மரப்பட்டையை உரித்தே படகு கட்டிவிடுவார்களாமே? எங்கள் கொள்ளிடத்தில் அது ஓடுமா?
– வாசகர், தா.பழூர்

பதில்: கட்டுவார்கள், ஆனால் வட அமெரிக்காவில். இமயமலையின் பூர்ஜ மரப்பட்டையில் நம்மவர்கள் சுவடி எழுதினார்கள். அதே குடும்பத்து மரத்தின் பட்டையில் அங்குள்ள பழங்குடியினர் ஆறு கடந்தார்கள். பட்டையின் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, தேவதாரு வகை மரங்களின் வேரால் தைத்து, தையலில் பிசின் பூசினால் படகு தயார். ஆணி கிடையாது. சிறிய படகென்றால் ஒரே ஆள் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிப்போவார்.

தையல் வித்தையில் சோழமண்டலக் கரையும் சளைத்ததல்ல. சென்னையில் துறைமுகம் வரும்வரை, கப்பலில் வந்த துரைமார்களைக் கரை சேர்த்தது மசூலாப் படகு. பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் உடையாது, வளைந்துகொடுக்கும். எதிர்த்து நிற்கும் கெட்டிப்படகுதான் பிளந்துபோகும்.

ஆற்றுக்கு நம்மிடம் இருப்பது பரிசல். மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல முடைந்து, முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். வட்டமாக இருப்பதால் தெரியாதவர் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அரசியல்வாதிகளுக்குப் பழகிய பயணம்தான்.

கொள்ளிடத்தில் பட்டைப்படகும் ஓடும், பரிசலும் ஓடும். ஆனால் கோடையில் அங்கே மணல்தான் அதிகம். மேட்டூரில் உபரிநீர் திறந்தாலோ வெள்ளம். அப்போது எந்தப் படகும் வேண்டாம்; மதனத்தூர் பாலத்தின் மேலேயே போய்வாருங்கள்.